கச்சான் சுற்றிய கடதாசியில் ஓர் அடையாள அட்டை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் கச்சான் வாங்கினேன். பாதி முடிந்த பிறகுதான் சுருளைக் கவனித்தேன். கடதாசியின் உள்பக்கத்தில் ஒரு முகம். மை சரியாகப் பிடிக்காததால் எங்கோ கழித்துவிட்ட போட்டோகொப்பி அது. தேசிய அடையாள அட்டையின் முன்பக்கம்: ஒரு பெண்ணின் படம், முழுப்பெயர், அட்டை இலக்கம். கச்சான் விற்றவரில் பிழை இல்லை, பழைய தாளை வாங்கிச் சுருள் செய்கிறார். அந்தப் பெண்ணிலும் பிழை இல்லை. ஏதோ விண்ணப்பத்துக்குப் பிரதி எடுக்கப் போயிருப்பார். முதல் பிரதி மங்கலாக வந்ததும் கடைக்காரர் இன்னொன்று எடுத்துக் கொடுத்திருப்பார். மங்கலானது கூடைக்குப் போய், அங்கிருந்து சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்திருக்கிறது.

"ஒரு இலக்கம்தானே, அதை வைத்து என்ன செய்துவிடுவார்கள்?" பின்னேரங்களில் அயலவர்களுக்குப் போனும் கணினியும் பழக்கிக் கொடுப்பவன் நான். இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் விளங்கினால் மீதி எல்லாம் தானாக விளங்கும் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் அடையாள அட்டை இலக்கம் வெறும் வரிசை இலக்கம் அல்ல. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். ஒருவருடைய இலக்கம் 85542 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். ஆண்டு 1985. 542இல் 500 போக 42. ஜனவரியின் 31 நாளைக் கழித்தால் 11. ஆக, 1985 பெப்ரவரி 11இல் பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டை நான்கு இலக்கமாக எழுதுகிறார்கள். மற்றக் கணக்கு அதேதான். (பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள் என்று எடுத்துத்தான் எண்ணுவார்கள். உங்கள் இலக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது ஒரு நாள் இடித்தால் குழம்ப வேண்டாம்.)

சரி, பிறந்த திகதி தெரிந்தால் என்ன? போனைத் திறந்து காட்டுங்கள் என்று சொன்னால் என் முன்னாலேயே பிறந்த நாளை அழுத்துகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நான்கு இலக்கப் பூட்டுக்கு 10,000 சேர்க்கைகள் உண்டு. ஆனால் நாளையும் மாதத்தையும் பூட்டாக வைத்தால் அது 366 ஆகச் சுருங்கிவிடுகிறது. அடையாள அட்டையின் பிரதி கையில் இருந்தால் அது ஒன்றே ஒன்று. அப்புறம், தொலைபேசி அழைப்பு. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் முழுப்பெயரைச் சொல்லி, அட்டை இலக்கத்தையும் சரியாக வாசித்து, "வங்கியிலிருந்து கதைக்கிறோம்" என்றால் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். அவர் கேட்கப் போவது இன்னும் ஒரே ஒரு துண்டு, அவ்வளவுதான்.

தனிப்பட்ட தரவு என்பது இப்படித் துண்டு துண்டாகக் கிடப்பது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். பெயர் ஓரிடத்தில், பிறந்த நாள் பேஸ்புக்கில், போன் இலக்கம் ரீலோட் போடுகிற கடையின் கொப்பியில், வீட்டு முகவரி பொதியின் மேல். ஒருவர் பொறுமையாக அவற்றைச் சேர்த்தால் அதுவே நீங்கள். நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் போகிறது. ஒருவரை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் தனிப்பட்ட தரவுதான்.

எல்லாத் துண்டுகளையும் ஒளித்து வைத்துக்கொண்டு வாழ முடியாது. அடையாள அட்டைப் பிரதி கேட்கும் இடங்களில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் செய்வது இதுதான்: பிரதியின் குறுக்கே, படத்தையும் இலக்கத்தையும் தொடும்படி, "இன்ன கணக்குத் திறப்பதற்கு மட்டும்" என்று எழுதித் திகதியும் போட்டுக் கொடுப்பேன். மங்கலாக வந்த பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஒரு கடைக்காரரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

ஆனால் துண்டுகளுக்குள் இரண்டு மட்டும் வேறு சாதி. அவை திறப்புகள். ஒன்று உங்கள் போன் இலக்கம், மற்றது உங்கள் மின்னஞ்சல். ஏனென்றால் எந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தாலும், புதியது எடுப்பதற்கான வழி இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வருகிறது. பேஸ்புக் கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தும் பயனில்லை, மின்னஞ்சல் வேறொருவர் கையில் இருந்தால். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே பலருக்குத் தங்கள் மின்னஞ்சல் முகவரியே தெரியாது. போன் வாங்கிய கடையில் யாரோ ஒரு தம்பி கூகுள் கணக்குத் திறந்து கொடுத்திருப்பார். கடவுச்சொல்லும் அவர் வைத்ததுதான். அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும், திறப்பு உங்கள் கையில் அல்லவா இருக்க வேண்டும்? இன்றைக்கே போனின் செட்டிங்ஸில் போய் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். மீட்புக்கான போன் இலக்கம் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

போன் இலக்கம் பறிபோவது எப்படி என்பதை என் பெரியம்மாவின் கதையில் சொல்கிறேன். உப்புவெளியில் இருக்கிறார். ஒரு நாள் காலையில் அவருடைய சிநேகிதியின் வட்ஸ்அப்பிலிருந்து ஒரு செய்தி: தவறுதலாக உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் ஒன்று அனுப்பிவிட்டேன், அதைத் திருப்பி அனுப்புங்கள் அக்கா. உண்மையாகவே ஒரு எஸ்எம்எஸ் வந்திருந்தது. அனுப்பிவிட்டார். அரை மணித்தியாலத்தில் பெரியம்மாவின் பெயரில் லண்டன் வரைக்கும் ஆட்களிடம் பணம் கேட்கப்பட்டது. பிறகு நான் கேட்டபோது அவர் சொன்னது: "தம்பி, முப்பது வருசப் பழக்கம். அவள் கேட்டா நான் எப்படிக் குடுக்காம இருக்கிறது?"

சிநேகிதி கேட்கவில்லை. அவருடைய கணக்கு அதற்கு முன்பே இதே வழியில் போயிருந்தது. அந்த ஆறு இலக்கம் என்ன தெரியுமா? உங்கள் இலக்கத்தில் வட்ஸ்அப்பை வேறொரு போனில் திறக்க எவராவது முயன்றால், இலக்கத்துக்குச் சொந்தக்காரர் நீங்கள்தானா என்று உறுதி செய்ய உங்களுக்கு வருகிற குறி. அதை எவருக்குக் கொடுத்தாலும் வீட்டுத் திறப்பைக் கொடுத்ததுதான். வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஓடிபி என்ற ஒருமுறைக் குறியும் அப்படித்தான். வங்கி ஊழியர் ஒருவருக்கும் அது தேவைப்படாது. உங்கள் அன்புக்குரியவரே கேட்டாலும் வட்ஸ்அப்பில் பதில் போடாமல், அழைத்துக் குரலைக் கேளுங்கள்.

நாங்கள் பெரியம்மாவின் போனில் வட்ஸ்அப்பை மறுபடி அவருடைய இலக்கத்தில் பதிந்தோம். புதிய ஆறு இலக்கத்தைப் போட்டதும் கணக்கைப் பிடித்திருந்தவன் வெளியேற்றப்பட்டுவிட்டான். ஆனால் அதற்குள் அவன் தன் பங்குக்குப் பின் (PIN) என்ற இரகசிய இலக்கம் ஒன்றை வைத்திருந்தான். அது தெரியாமல் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டி வந்தது. அந்தப் பின்னைப் பெரியம்மா முன்பே தானாக வைத்திருந்தால் இத்தனை அல்லல் இல்லை. வட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் கணக்கு என்ற பகுதிக்குள் இரு படிச் சரிபார்ப்பு என்று இருக்கிறது. அதை இயக்கி ஆறு இலக்கப் பின் ஒன்றை வைத்துவிட்டால், எஸ்எம்எஸ்ஸில் வந்த குறியை எவரோ கறந்தாலும் அது மட்டும் போதாது. வட்ஸ்அப்பிலேயே இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பட்டியலையும் பாருங்கள். நீங்கள் அறியாத கணினி ஏதாவது அதில் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். கொமினிகேஷன் கடையில் ஒரு படிவம் அச்செடுக்க வட்ஸ்அப்பைக் கடைக் கணினியில் திறந்துவிட்டு, மூடாமல் வந்த பலருடைய உரையாடல்கள் அந்தக் கணினியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதே கொமினிகேஷனில் இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் கடை இலக்கத்துக்கு அனுப்பிய பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டுப் பக்கம், வங்கிப் புத்தகத்தின் முன்பக்கம் எல்லாம் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் இறங்கியிருக்கும். ஒரு கடையில் நானே அதைக் கண்டேன். திரை என் பக்கம் திரும்பியிருந்தது, மாதக் கணக்கில் சேர்ந்த அயலவர்களின் ஆவணங்கள் வரிசையாக. அச்செடுத்த கையோடு "அண்ணா, அதை அழித்துவிடுங்கோ, ரீசைக்கிள் பின்னிலும் அழியுங்கோ" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அவருக்கும் அது நல்லது.

சிம் பற்றி இங்கே அதிகம் பேர் அறியாத ஒன்று. உங்கள் போனுக்குப் பூட்டு இருக்கலாம், சிம்முக்கு இருக்கிறதா? போனைத் திருடியவன் அதைத் திறக்க மெனக்கெட வேண்டியதில்லை. சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டால் போதும். உங்கள் இலக்கத்துக்கு வரும் ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். சிம் பூட்டு என்பதை செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் இயக்கலாம். பிறகு போன் ஒவ்வொரு முறை நின்று மீண்டும் எழும்பும்போதும், சிம் வேறு போனுக்குப் போகும்போதும் அந்த நான்கு இலக்கத்தைக் கேட்கும். ஒரு எச்சரிக்கை: முதலில் அது கேட்பது நிறுவனம் வைத்துத் தந்த பின்னை. ஊகித்துப் பார்க்க வேண்டாம். மூன்று தடவை பிழைத்தால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு பியூகே என்ற எட்டு இலக்கம் வேண்டும். அதையும் பத்துத் தடவை பிழைத்தால் அந்த சிம் செத்துவிடும், புதிதுதான் எடுக்க வேண்டும். சிம் வந்த அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே இருக்கும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது போனின் பூட்டு. இன்றைய போன்கள் உள்ளே இருப்பதையெல்லாம் மறையாக்கம் செய்துதான் வைத்திருக்கின்றன. அதாவது படமும் செய்தியும் எவருக்கும் வாசிக்க முடியாதபடி கலக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. கலைத்ததைச் சேர்க்கும் திறப்பு, போனின் சில்லுக்குள் உள்ள ஓர் இரகசியமும் நீங்கள் வைத்த பின்னும் சேர்ந்து உருவாகிறது. அதனால்தான் போனை உடைத்து நினைவகச் சில்லைத் தனியே எடுத்தாலும் அதில் வெறும் குப்பைதான் தெரியும். ஆனால் பின் இலக்கமே வைக்காவிட்டால்? மறையாக்கம் இருந்தும் திறப்பைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி. ஆறு இலக்கம் வையுங்கள், 10 இலட்சம் சேர்க்கைகள். விரல்ரேகை வசதியானது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பின்னுக்குப் பதில் அல்ல. தூங்குகிறவரின் விரலை எடுத்து வைத்தாலும் போன் திறக்கும்.

மெமரி கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது. கழற்றி இன்னொரு போனில் போட்டால் அப்படியே திறக்கும். குடும்பப் படங்களையும் ஆவணப் படங்களையும் அதில் வைத்திருப்பவர்கள் போனின் உள் நினைவகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

திருத்தக் கொடுக்கும்போது என்ன செய்வது? திரை உடைந்த போனைக் கொடுத்தால் "பின் இலக்கம் என்ன?" என்று கேட்பார்கள், நாமும் சொல்லிவிடுகிறோம். திரை மாற்றப் பின் இலக்கம் தேவையில்லை. தொடுகை வேலை செய்கிறதா என்று நீங்களே நின்று திறந்து காட்டலாம். சாம்சங் போன்களில் பராமரிப்பு முறை என்று ஒன்று 2022இலிருந்து வருகிறது. அதை இயக்கிவிட்டுக் கொடுத்தால் திருத்துபவருக்குப் போன் புதிதுபோலத் தெரியும், உங்கள் படங்களும் செய்திகளும் கண்ணில் படா. கூகுளின் பிக்சல் போன்களிலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். போனில் இருந்து படம் வெளியே போனதால் மிரட்டப்பட்டு, வீட்டில் சொல்லவும் முடியாமல் ஒடுங்கிப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிழை அந்தப் பிள்ளையில் இல்லை. அப்படி ஒன்று நடந்தால் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு முறையிடுங்கள். பிறருடைய கணினிக்குள், போனுக்குள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

பழைய போனை, கணினியை விற்பவர்கள் "எல்லாம் டிலீட் பண்ணிவிட்டேன்" என்பார்கள். அழிப்பது என்பது வகுப்பு இடாப்பில் பெயரை வெட்டுவது போன்றது. பெயர் இல்லை, பிள்ளை இன்னும் வாங்கில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டு எடுக்க இலவச மென்பொருள்களே உண்டு. மறையாக்கம் செய்த போனில் நிலைமை நல்லது: போனைப் புதிதின் நிலைக்குக் கொண்டுபோகும் பேக்டரி ரீசெட் செய்தால் திறப்பே அழிக்கப்படுகிறது, பிறகு கலக்கிய தரவைச் சேர்க்க வழியில்லை. விற்கும் முன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, பிறகு ரீசெட். கணக்கிலிருந்து வெளியேறாமல் ரீசெட் செய்தால் வாங்கியவருக்குப் போன் திறக்காமல் போகலாம், அப்போது அவர் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு வந்து நிற்பார். விண்டோஸ் கணினி என்றால் ரீசெட் செய்யும்போது எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு, இயக்ககத்தைத் துப்பரவாக்கு என்ற தெரிவையும் எடுங்கள். நேரம் பிடிக்கும், இரவில் விட்டுவிட்டுப் படுங்கள்.

கடவுச்சொல் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். நீளம்தான் பலம்: தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டினால், குறியீடுகள் நிறைந்த எட்டெழுத்தைவிட நல்லது, நினைவிலும் நிற்கும். பழமொழி, பாட்டு வரி வேண்டாம். மற்றது, ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள். ஏதோ ஒரு சிறிய இணையத்தளத்திலிருந்து அது கசிந்தால் அடுத்ததாக உங்கள் மின்னஞ்சலில்தான் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். மறதி உள்ள பெரியவர்கள் கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. வெளிநாட்டில் இருந்து திருடுகிறவன் உங்கள் அலுமாரிக்கு வரமாட்டான்.

கணினியில் எனக்குப் பெரிய கவலை கிரக் செய்த மென்பொருள். கடையில் விண்டோஸ் போட்டுத் தரும்போது சேர்த்துப் போட்டுத் தருவார்கள், இலவசம் என்று நமக்கும் சந்தோஷம். பூட்டை உடைத்துக் கொடுத்தவர் உள்ளே என்ன வைத்துவிட்டுப் போனார் என்று எவருக்கும் தெரியாது. எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ் போன்ற நேர்மையான இலவச மென்பொருள்கள் இருக்கும்போது ஏன் இந்த வம்பு? இன்னொன்று, அப்டேட்டை நிறுத்தி வைப்பது. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற கிருமி உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. இரண்டு மாதம் அப்டேட் செய்யாதவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். விண்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. இன்னும் அதை வைத்திருப்பவர்கள் வங்கி வேலைக்கு அந்தக் கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

பாதுகாப்பு என்றால் திருடனை மட்டும் நினைக்கிறோம். தொலைந்து போவதும் இழப்புத்தான். எங்கள் வீட்டில் 2004 டிசம்பர் 26க்கு முந்திய படங்கள் ஒன்பதுதான் இருக்கின்றன. கடல் வந்தபோது ஆட்கள் தப்பினோம், அல்பங்கள் போயின. அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அக்காவின் சோதனைப் பெறுபேறு, அம்மா கலியாணத்துக்குக் கோணேசர் கோயிலில் நின்று எடுத்த படம், எல்லாம். அந்த ஒன்பதும் எப்படி மிஞ்சின என்றால், கனடாவில் இருக்கும் மாமிக்கு அம்மா எப்போதோ தபாலில் அனுப்பியவை. பிறகு மாமி திருப்பி அனுப்பினார்.

கணினிக்காரர்கள் சொல்லும் காப்புப் பிரதி விதி இதுவேதான்: மூன்று பிரதிகள், இரண்டு வகையான ஊடகத்தில், அதில் ஒன்று வேறு ஊரில். போனில் ஒன்று, வீட்டில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் சேமிக்கும் கிளவுடில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கிளவுடுக்கு மாதக் காசு கொடுக்க வசதியில்லை என்றால், ஒரு பென்ட்ரைவில் முக்கிய ஆவணங்களைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் சகோதரம் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் கணினியில் சொருகியே வைக்க வேண்டாம். பூட்டிப் பணம் கேட்கிற கிருமி வந்தால் அதையும் சேர்த்தே பூட்டும்.

கடைசியாக, போன் தொலைந்தால். பஸ்ஸில் விழுந்தாலும் சரி, கன்னியாவில் குளிக்கப் போன இடத்தில் விட்டாலும் சரி, முதல் வேலை வேறொரு போனிலிருந்து கூகுள் கணக்குக்குள் போய் அதைத் தேடுவது. கிடைக்காவிட்டால் அங்கிருந்தே பூட்டலாம், முழுவதையும் அழிக்கவும் செய்யலாம். இதற்கும் அந்தக் கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தது சிம்மை நிறுத்தச் சொல்லி நிறுவனத்துக்கு அழைப்பு. வங்கிச் செயலி இருந்தால் வங்கிக்கும் ஓர் அழைப்பு. பிறகு பொலிஸ் முறைப்பாடு. அங்கே ஐஎம்ஈஐ என்ற, அந்தப் போனுக்கே உரிய பதினைந்து இலக்கத்தைக் கேட்பார்கள், போன் கையில் இல்லாதபோது அது எங்கே கிடைக்கும்? இப்போதே *#06# என்று அழுத்துங்கள், திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு வரும். வீட்டில் தொலையாத ஓரிடத்தில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் எல்லோருடைய இலக்கங்களும் அம்மாவின் பஞ்சாங்கத்துப் பின்னட்டையின் உள்பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு சித்திரையிலும் அவற்றைப் புதுப் பஞ்சாங்கத்துக்கு மாற்றி எழுதிவிட்டு, பழைய அட்டையைக் கிழித்து அடுப்பில் போடுவது என் வேலை.